உள்தாழ்ப்பாள்

பச்சை பிளாஸ்டிக் வில்லை கோத்த சாவி அது. ஏறக்குறைய ஏழு வருஷம் என் நாற்காலிக்குப் பின்னால், சுவர்க் கடிகாரத்தை ஒட்டிய ஆணியில் தொங்கியது. வில்லையில் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் ‘தாய்’ என்று எழுதியிருந்தார்கள். ‘தாய்ப்பால் அறை’ என்று முழுசாக எழுத அதில் இடமில்லை. அல்லது எழுதக் கூச்சமாக இருந்திருக்கும்.

நான் போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன். 1988-இல் கண்டக்டராகச் சேர்ந்தேன். முதுகுத்தண்டு தேய்ந்து, ஓடுகிற வண்டியில் நிற்க முடியாமல் போனபிறகு, கடைசிப் பதினொரு வருஷம் காவிரிக் கரை ஊர் ஒன்றின் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் எனக்கு மனுஷர்கள் இருக்கிறார்கள். டைம் கீப்பர் என்றால் பலருக்கும் புரியாது, விசில் ஊதுகிற ஆள் என்றால் புரியும். வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம் எழுத வேண்டும். டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தனியார் வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் இரண்டு நிமிஷத்துக்காக நடக்கும் சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டும். சாவி வைத்துக்கொள்வது அந்த வேலையில் சேர்ந்ததில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். “சார், இது இங்கயே இருக்கட்டும். கேக்குறவங்களுக்குக் குடுங்க” என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த அறை வந்தது 2015 ஆகஸ்டில். உலகத் தாய்ப்பால் வாரம் என்று ஆகஸ்ட் முதல் ஏழு நாளைக் கொண்டாடுவார்கள். அந்த வாரத்தில்தான் தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் 352 தாய்மார் அறைகளை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா திறந்துவைத்தார். ஏழு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கியும் அதோடு வந்தது. பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடம் கட்டலாம், கடை ஏலம் விடலாம், சைக்கிள் ஸ்டாண்ட் டெண்டர் விடலாம் என்றுதான் அதுவரை எல்லோருக்கும் தோன்றியது. பிள்ளைக்காரி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று கோட்டையில் ஒருவருக்குத் தோன்றியதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பஸ் ஸ்டாண்டிலும் எட்டுக்குப் பத்தில் ஓர் அறை தயாரானது. ரோஸ் நிற டைல்ஸ், ஒரு ஸ்டீல் பெஞ்சு, ஒரு ஃபேன், சுவரில் சிரிக்கிற குழந்தையின் படம். வாசலில் பலூன் கட்டி, ரிப்பன் வெட்டி, எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள்.

அடுத்த மாதமே பூட்டினார்கள்.

ஒரு மத்தியானம் சொல்கிறேன். வருஷம் 2016 அல்லது 17, சித்திரை வெயில். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். இடுப்பில் நாலைந்து மாதக் குழந்தை, கத்திக்கொண்டிருந்தது. “அண்ணே, கும்பகோணம் வண்டி எப்போ?” என்றாள். “ரெண்டு பத்து” என்றேன். போய்விட்டுத் திரும்பி வந்தாள். “கும்பகோணம் வண்டி இங்கதான் நிக்குமாண்ணே?” “மூணாம் நம்பர் பிளாட்பாரம்மா.” மூன்றாவது முறையும் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னோடு அறையில் இரண்டு டிரைவர், ஒரு கண்டக்டர், தனியார் வண்டி ஏஜெண்ட் ஒருவர், எல்லோரும் ஆம்பிளைகள், டீ குடித்துக்கொண்டிருந்தோம். “கும்பகோணம்...” என்று ஆரம்பித்தாள். “எத்தன தடவம்மா சொல்றது, ரெண்டு பத்துன்னு?” என்று எரிந்து விழுந்தேன். போய்விட்டாள்.

ரெண்டு பத்து வண்டிக்கு விசில் ஊதும்போது பார்த்தேன். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல். தலை குனிந்து, முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிள்ளையை உள்ளே வைத்திருந்தாள். குழந்தையின் கால் மட்டும் வெளியே துடித்தது. துணிக்குள் காற்று இல்லாமல் அது திமிறியது. டிரிப் ஷீட்டில் 2.10 என்று எழுதிவிட்டு, நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் சாவி. அப்போதுதான் புரிந்தது, அவள் கும்பகோணம் வண்டியைக் கேட்கவே வரவில்லை.

அஞ்சு ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கிற ஜன்னலில் வந்து, தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கப்போகிறேன் என்று ஒரு பெண் அறிவித்துச் சாவி வாங்க வேண்டும். வேலை முடிந்து, திரும்பவும் அதே ஜன்னலில் வந்து கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் ஆம்பிளைகள், நடத்தியவனும் ஆம்பிளை. அந்த ஏழு வருஷத்தில் துணிந்து வந்து சாவி கேட்ட பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேருக்காகக் கேட்டது கூட வந்த மாமியாரோ அம்மாவோ. கிழவிகளுக்குக் கூச்சம் இல்லை. “ஏப்பா, பால் குடுக்குற ரூமு சாவியக் குடு” என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி கேட்பார்கள்.

பூட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் திறந்துதான் போட்டிருந்தோம். ஒரு வாரத்தில் ஃபேன் ரெகுலேட்டர் காணாமல் போனது. ராத்திரியில் குடிகாரர்கள் படுத்தார்கள். ஒரு காலேஜ் ஜோடியை உள்ளே பார்த்துவிட்டு ஊரே கூடி, அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டுப் பெரிய ரகளை. அதற்குப் பிறகு பூட்டு. பூட்டிய அறை எப்படி ஆகும்? முதலில் துப்புரவுக்காரர்களின் விளக்குமாறும் பினாயிலும் உள்ளே போயின. பிறகு உடைந்த நாற்காலிகள், போன தேர்தலின் விழிப்புணர்வு பேனர் சுருள். ஒரு சமயம் எதிர் டீக்கடைக்காரரின் காலி கேன்கள்கூட இருந்தன. கேட்டதற்கு, “பால் ரூம்ல பால் கேன்தானே சார் இருக்கு?” என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. காண்ட்ராக்டர் வெளியே கனமான நாதாங்கி வைத்திருந்தார், பெரிய பூட்டுத் தொங்குவதற்குத் தோதாக. உள்ளே, கதவின் பின்பக்கம், ஒரு கொக்கிகூட இல்லை. திறந்து உள்ளே போன பெண் ஒரு கையால் பிள்ளையையும் ஒரு காலால் கதவையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழு வருஷம் சாவி வைத்திருந்த எனக்கு இது தெரியாது. என் பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும். அவளும் உள்ளே போய்ப் பார்த்தது நான் ரிட்டையர் ஆகப் போகிற வருஷம்.

காலை ஆறு நாற்பது டவுன் பஸ்ஸுக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் வருவார். வண்டி தாமதமானால் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார். கும்பகோணம் பெண்ணின் கதையை அவரிடம் ஒரு நாள் சொன்னேன். அவர் சொன்னார்: “பால் ஊறுறது வேற, இறங்குறது வேற சார். ஊறுறது அநேகமா எல்லாருக்கும் ஊறும். இறங்குறதுக்கு ஒரு ஹார்மோன் சுரக்கணும், ஆக்ஸிடோசின்னு. மனசு பதறுச்சுன்னா, யாராவது பாக்குறாங்களோன்னு பயந்தா, அது சரியாச் சுரக்காது. புள்ள சப்பிச் சப்பிப் பாத்துட்டு அழும். இவ எனக்குப் பால் பத்தலைன்னு நெனச்சுக்குவா. வீட்டுக்குப் போனதும் மாமியார் டப்பாப் பால் வாங்கிட்டு வந்துருவாங்க.” பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் வேண்டும் என்றும் சொன்னார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்த்துத் திரும்பினாலே ஏழெட்டு மணி நேரம். அதற்குள் மூன்று தடவையாவது அந்தப் பெண் ஒரு மறைவு தேட வேண்டும்.

ரிட்டையர் ஆனபிறகு பேப்பரை வரி விடாமல் படிக்கிறேன். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் விவரம் ஒன்று கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. பெருமைதான். ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை 55.1 சதவீதம். இந்தியா முழுக்கப் பார்த்தால் 63.7. எதற்கெடுத்தாலும் மார்தட்டிக்கொள்கிற நாம் இதில் நாட்டுச் சராசரிக்கும் கீழே. பூட்டிய அறைதான் இதற்குக் காரணம் என்று சொல்கிற அளவுக்கு நான் மூடன் இல்லை. சிசேரியன் இருக்கிறது, வேலைக்குத் திரும்ப ஓடுவது இருக்கிறது, டப்பாப் பால் இருக்கிறது. ஆனால் 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த டிரிப் ஷீட்டுகளில் கையெழுத்துப் போட்டவன் நான். வீட்டோடு கிடந்த பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். வண்டியில் ஏற வழி செய்துவிட்டோம், இறங்கினால் உட்கார இடம் இல்லை.

அந்தக் காலத்தில் யார் அறை கட்டினார்கள் என்று என் வயசுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என் அம்மா நடவு வயலில் வரப்பில் உட்கார்ந்து என் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே, பண்ணையாரோடு கூலிக்கு வாதாடுவாள். நான் கண்டக்டரான புதிதில், ஓடுகிற வண்டியில் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையை நீட்டி டிக்கெட் வாங்குவார்கள், மீதிச் சில்லறை எண்ணுவார்கள். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். பார்க்கிறவன் எந்தக் காலத்திலும் பார்ப்பான். ஆனால் பார்த்தவனைப் பின் சீட்டுக் கிழவி ஒரு வார்த்தையில் சுருட்டிவிடுவாள். இப்போது பார்க்கிறவன் கையில் போன் இருக்கிறது. கிழவிகளும் வண்டியில் குறைந்துவிட்டார்கள், காரில் போகிறார்கள்.

2018 மார்ச்சில் மலையாளப் பத்திரிகை ‘கிருகலட்சுமி’ அட்டையில் ஒரு பெண் பால் கொடுக்கிற படம் வந்தது. முறைக்காதீர்கள், நாங்கள் பால் கொடுக்க வேண்டும் என்கிற மாதிரி அதில் எழுதியிருந்தார்கள். அது வாட்ஸ்அப்பில் டைம் ஆபீசுக்கே வந்துசேர்ந்தது. கண்டக்டர்கள் ஒரே போனை நாலு பேர் தலை சேர்த்துப் பார்த்தார்கள். ஒருவர் ‘தப்பு’ என்றார், ஒருவர் ‘தைரியம்’ என்றார், ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள், அதில் ஆபாசம் ஏதும் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று படம் பார்த்த கண்டக்டர்களின் தலைக்கு மேலே சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்து விசேஷம் ஒன்று உண்டு. சித்திரையில் சீர்காழிக் கோயிலில் திருமுலைப்பால் விழா. படித்துறையில் பசித்தழுத மூன்று வயசுப் பிள்ளைக்கு அம்மையே வந்து பால் கொடுத்த கதை. அந்தப் பிள்ளைதான் சம்பந்தர். விழாவுக்குக் கூட்டம் போகும். “திருமுலைப்பால் விழாவுக்குப் போறவங்கல்லாம் ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரம் வாங்க” என்று நானே மைக்கில் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை வாயில் வரும்போது எனக்குக் கூசவில்லை, கேட்ட யாருக்கும் கூசவில்லை. இத்தனைக்கும் கதை நடந்தது பொதுக் குளத்தில், ஊர் குளிக்கிற இடத்தில். அம்மையும் பொற்கிண்ணத்தில் கறந்துதான் கொடுத்தாள் என்பார்கள். ஏன் கிண்ணம் என்று நம் பெரியவர்கள் ஆயிரம் தத்துவம் சொல்வார்கள். எனக்கு அந்த அம்மையின் நிலைமை இப்போது வேறு மாதிரிப் புரிகிறது.

2018 கடைசியில் நான் ஒரு காரியம் செய்தேன், யாரையும் கேட்காமல். மூன்றாம் பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில், அந்த அறைக்குப் பத்தடி தள்ளி, ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். காலை ஐந்திலிருந்து ராத்திரி எட்டு வரை அங்கேயேதான். சாவியை அவரிடம் கொடுத்தேன். “யாராச்சும் புள்ளையோட வந்து முழிச்சா நீங்களே தொறந்து விடுங்க” என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “உள்ள கெடக்குற கழிசடையெல்லாம் யாரு எடுக்குறது?” இரண்டு மணி நேரத்தில் துப்புரவுக்காரரைத் திட்டி அவரே காலி செய்ய வைத்தார். டீக்கடைக் கேன்கள் நடுரோட்டில் கிடந்தன. ஒரு பழைய சேலையைக் கிழித்துக் கதவுக்குப் பின்னால் திரை கட்டினார். ஒரு குடம் தண்ணீர் வைத்தார். பால் கொடுக்கிறவளுக்கு என்னமாய்த் தாகம் எடுக்கும் என்று எங்களில் எவனுக்குத் தெரியும்?

அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் உள்ளே போனார்கள். முகூர்த்த நாளில் வரிசையே நின்றது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பூக்காரம்மா முகத்தைப் பார்த்தே, “உள்ள போம்மா, வண்டி வந்தா நான் சொல்றேன்” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடு கிடையாது. வண்டியை விட்டுவிடுவோமோ என்கிற பயமும்தானே அவர்களை ஜன்னல் சீட்டில் முந்தானைக்குள் அடைத்தது. ரெகுலேட்டர் திருடு போகவில்லை. குடிகாரன் கிட்டே வரவில்லை.

நாலு மாதம் நடந்தது. பிறகு ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி, அரசாங்கச் சொத்தின் சாவி வெளியாள் கையில் இருக்கலாமா என்று கேட்டார். சாவி மறுபடி ஆணிக்கு வந்தது. அடுத்த மாதம் விளக்குமாறு உள்ளே போனது. நான் ஒன்றும் பேசவில்லை. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது, மெமோ வாங்க விருப்பமில்லை. நீங்கள் கோழை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

பஸ் ஸ்டாண்டாவது அரசாங்கத்தைச் சேர்ந்தது, நாலு பேர் குறை சொல்வார்கள். கடைகளை யார் கேட்பது?

பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். புடவை எடுக்கப் பக்கத்து ஊரில் பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். ஐந்து மாடி, குளுகுளு ஏசி. வாசலில் பன்னீர் தெளிக்கிறார்கள். ஆண்களுக்கு உட்காரச் சோபா, குழந்தைகளுக்குப் பலூன், எல்லோருக்கும் ரோஸ் மில்க். மூன்றாவது மாடியில் பேத்தி அழ ஆரம்பித்தாள். மகள் ஒரு மேற்பார்வையாளரிடம் கேட்டாள். “டிரையல் ரூம் யூஸ் பண்ணிக்குங்க மேடம்.” டிரையல் ரூமில் மூன்று பேர் காத்திருந்தார்கள், உள்ளே உட்கார ஸ்டூல்கூட இல்லை. இரண்டாவது ஆள், “கீழ ரெஸ்ட் ரூம் இருக்கு மேடம்” என்றார். ரெஸ்ட் ரூம் என்றால் கக்கூஸ். என் மகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது. “நீங்க கக்கூஸ்ல உக்காந்து சோறு திம்பீங்களாப்பா?” என்றாள், அவரிடம் சொல்லாமல் என்னிடம். பதில் நான்தான் சொல்ல வேண்டும் என்பது போல. 2018 நவம்பரில் கொல்கத்தாவின் பெரிய மால் ஒன்றில் ஒரு தாயைக் கழிப்பறைக்குப் போகச் சொல்லி, அது நாடு முழுக்கச் செய்தியானது. எங்கள் பக்கம் நடந்தால் செய்தி ஆகாது, அவ்வளவுதான்.

பட்டுப் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். யூனிஃபார்ம் சேலை, இருபத்து மூன்று, நாலு வயசு இருக்கும். “அக்கா, இங்க வாங்க” என்று மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், அடுக்கு அலமாரிக்குப் பின்னால், புடவைப் பெட்டிகள் கிடக்கிற சந்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார வைத்தாள். ஒரு பட்டுப்புடவையை உதறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியிலிருந்து பார்த்தால் வாடிக்கையாளருக்குப் புடவை காட்டுகிற மாதிரிதான் இருக்கும். மேற்பார்வையாளர் இரண்டு தடவை கடந்து போனார், சந்தேகம் வரவில்லை. இருபது நிமிஷம் கையை இறக்காமல் நின்றாள்.

மகள் வண்டியில் வரும்போது மீதியைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் ஏழு மாதப் பிள்ளை. பிரசவத்துக்கு லீவு கேட்டால் வேலையை விட்டுப் போய்விட்டுத் திரும்ப வந்து சேர்ந்துகொள் என்றார்களாம். ஐந்தாம் மாதமே வந்துவிட்டாள். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை. மத்தியானத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டிவிடும். ஃபால்ஸ் தைக்கிற பிரிவிலிருந்து வெட்டுத் துணி வாங்கி, மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள், சேலை நனையாமல் இருக்க. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் கக்கூஸில் நின்று, பீய்ச்சித் தொட்டியில் விடுவாள். என் பேத்தி குடிக்கிற சத்தம் கேட்டதும் தனக்கும் சுரந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாளாம். நனைந்துபோனதால்தான் புடவையை முன்னால் இன்னும் உயர்த்திப் பிடித்திருந்தாள்.

1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்திலேயே, வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பால் இடைவேளை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2017-இல் அதைத் திருத்தி, லீவை 26 வாரமாக்கி, ஐம்பது பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், நாளுக்கு நாலு தடவை தாய் போய்ப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். அந்தக் கடையில் ஐம்பது பேர் ஒரு மாடியிலேயே இருப்பார்கள். 2010-இல் ‘அங்காடித் தெரு’ வந்தபோது ஜவுளிக்கடைப் பிள்ளைகள் நாள் முழுக்க நிற்பதைப் பார்த்து நாம் அழுதோம். அவர்கள் உட்கார நாற்காலி போடச் சொல்லிச் சட்டத் திருத்தம் வர 2021 ஆனது. கேரளத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டது. ஒரு நாற்காலிக்கே பதினோரு வருஷம் என்றால் பால் கொடுக்கிற அறைக்கு எத்தனை வருஷம் என்று யாராவது கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கடைக்காரர்கள் இடம் இல்லை என்பார்கள். ரோஸ் மில்க் மெஷினுக்கும் பலூன் ஊதுகிறவருக்கும் இருந்த இடம்தான் கேட்கிறேன். வாங்க வருகிறவள் உட்கார ஒரு சந்து கொடுத்தால், விற்கிறவளுக்கும் மத்தியானம் அதே சந்து பயன்படும்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஓர் உத்தரவு போட்டது. ஒரு தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கு. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா வரலே. பொது இடங்களில் பாலூட்டும் அறை, குழந்தைப் பராமரிப்பு அறை வைக்கச் சொல்லி மத்திய அரசு 2024-இல் அனுப்பிய அறிவுரையை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும், இருக்கிற கட்டடங்களில் முடிந்த அளவு செய்ய வேண்டும், இனிக் கட்டுகிறவற்றில் வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும் என்றார்கள். பொது இடத்தில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அறை கட்டிவிட்டதாலேயே, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொடுக்கிறவளைப் பார்த்து, அதான் ரூம் இருக்கே என்று எவனும் வாய் திறக்கக் கூடாது. விருப்பப்பட்டவள் உள்ளே போகட்டும், விருப்பப்பட்டவள் வெளியே இருக்கட்டும்.

வரைபடம் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். கக்கூஸுக்குப் பக்கத்தில் அந்த அறையைப் போடாதீர்கள். பெண்கள் நடமாட்டம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போடுங்கள். சாவி என்று ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றால், பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம், பூக்காரியோ பழக்காரியோ மகளிர் குழுப் பெண்ணோ, மாதம் ஏதோ ஒரு தொகை கொடுத்து ஒப்படையுங்கள். எங்கள் பூக்காரம்மா அதை இனாமாகவே நாலு மாதம் செய்தார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். டைம் ஆபீசில் புதுப் பையன், மரியாதையாகப் பேசினான். ஆணியில் சாவி இருந்தது. வில்லையில் ‘தாய்’ அழிந்து ‘த’ மட்டும் மிச்சம். பூக்காரம்மா அதே இடத்தில்தான் இருக்கிறார், கொஞ்சம் தளர்ந்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால், சுவருக்கும் கூடைக்கும் நடுவில், கோணிப்பை விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்கு வைத்திருக்கும் பெரிய கறுப்புக் குடையைப் பூக்காரம்மா பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தார். ஒரு கையால் குடை, ஒரு கையால் பூ முழம் போடுவது. பத்தடியில் ரோஸ் டைல்ஸ் அறை பூட்டிக் கிடந்தது.

திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடையில் ஒரு டவர் போல்ட் வாங்கினேன். எட்டு அங்குலம், நூற்றிருபது ரூபாய், திருகாணி தனி. கதவின் உள்பக்கம் மாட்டப் பத்து நிமிஷம் போதும், ஸ்குரூ டிரைவர் என்னிடமே இருக்கிறது. அனுமதி கேட்டு நகராட்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மனு கிடைத்தது என்று ரசீது வந்திருக்கிறது. டவர் போல்ட் டிவி மேஜைமேல் இருக்கிறது. பேத்தி அதை எடுத்து இழுத்து இழுத்து விளையாடுகிறாள்.